நரம்பைத் தளர்த்தும் மாத்திரை உப்பை ஏன் வெளியேற்றுவதில்லை?

செம்பூரிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி இதுதான். சிறுநீரகத்துக்குச் செல்லும் நரம்புகள் உடலில் உப்பைத் தக்கவைக்கின்றன என்று அவர் படித்திருக்கிறார். அவருடைய அப்பா மூன்று மாதங்களாக மற்ற பி.பி. மாத்திரைகளோடு குளோனிடினும் சாப்பிட்டு வருகிறார். குளோனிடின் அந்த நரம்புகளை அடக்கும் மருந்து. அப்படியானால் உப்பும் நீரும் கூடுதலாக வெளியேறியிருக்க வேண்டுமல்லவா, மாறாகக் கணுக்கால் வீங்கி எடை இரண்டு கிலோ கூடியிருக்கிறதே, படித்தது தவறா அல்லது மருந்து தவறா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: சிறுநீரக நரம்புகளின்மேல் வேலை செய்யும் மருந்துகள் சோடியம் வெளியேற்றத்தை எப்படி மாற்றுகின்றன என்பது பொதுவான கேள்வி; அப்பாவின் கால் ஏன் வீங்குகிறது என்பது தனிக் கேள்வி. மும்பையில் மருத்துவ மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் முதலாவதற்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு, அவரை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்ல முடியும். நான் சிறுநீரக மருத்துவன் அல்லன்.

முதலில் அளவைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பம் அளவு தெரியாததால் வருவது. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் கரைந்துள்ள சோடியம் ஏறத்தாழ 25,000 மில்லிமோல், அதாவது சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றரைக் கிலோ. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. நாம் அன்றாடம் சாப்பிடும் சில கிராம் உப்புக்கு ஈடான அளவு மட்டுமே சிறுநீரில் போகிறது. இந்த உறிஞ்சுதலில் நூற்றில் ஒரு பங்கு மாறினாலே கணக்கில் 15 கிராம் உப்பு இப்படியோ அப்படியோ சாய்ந்துவிடும். எனவே நரம்பு இங்கே பெரிய சக்கரத்தைச் சுழற்ற வேண்டியதில்லை. முள்ளைச் சற்று நகர்த்தினால் போதும். அப்பாவின் கூடிய எடை முழுவதும் நீர்தான் என்று வைத்துக்கொண்டால், அந்த இரண்டு லிட்டரோடு தங்கியிருப்பது சுமார் 18 கிராம் உப்பு. மூன்று மாதத்துக்கு அதைப் பங்கிட்டால் நாளுக்கு ஒரு சிட்டிகைகூட வராது.

இனி நரம்பு. முதுகுத்தண்டின் கீழ் மார்புப் பகுதியிலிருந்தும் மேல் இடுப்புப் பகுதியிலிருந்தும் கிளம்பும் பரிவு நரம்புகள் (நெருக்கடியில் உடலை உசுப்பும் தானியங்கி நரம்புகள்), சிறுநீரகத் தமனியைச் சுற்றிப் படர்ந்தபடி உள்ளே நுழைந்து மூன்று இடங்களில் முடிகின்றன. ஒன்று, ரெனின் சுரக்கும் செல்கள்; உப்பையும் அழுத்தத்தையும் கூட்டும் தொடர்வினையைத் தொடங்கிவைக்கும் பொருள்தான் ரெனின். அங்கே நரம்பு வெளியிடும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள், செல்களின்மேல் அந்தச் செய்தியை வாங்கும் பீட்டா-1 ஏற்பிகளைத் தூண்டி ரெனினைச் சுரக்க வைக்கிறது. இரண்டு, நுண்குழல்களின் சுவர். அங்கே ஆல்ஃபா-1 ஏற்பிகளின் வழியாகச் சோடியம் உறிஞ்சுதல் நேரடியாகவே கூடுகிறது. மூன்று, சிறு தமனிகள். அங்கும் ஆல்ஃபா-1 ஏற்பிகள்தான், ஆனால் விளைவு இரத்தக் குழாய்ச் சுருக்கம். இந்த மூன்றும் ஒரே சமயத்தில் நிகழ்வதில்லை என்பதுதான் இதன் அழகு. விலங்குகளில் நரம்பை மின்துடிப்பால் தூண்டிப் பார்த்தபோது, நொடிக்கு அரைத் துடிப்பு என்ற மிகக் குறைந்த வேகத்தில் ரெனின் மட்டும் கூடுகிறது. நொடிக்கு ஒரு துடிப்பு வரும்போது, இரத்த ஓட்டமோ வடிகட்டும் வேகமோ சிறிதும் மாறாமலேயே சோடியம் வெளியேற்றம் குறைகிறது. இரண்டரைத் துடிப்பை எட்டும்போதுதான் இரத்த ஓட்டம் குறைகிறது. டிபோனா, காப் ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1997-இல் எழுதிய நீண்ட தொகுப்புரை இந்தப் படிநிலைகளைத் தெளிவாக வைக்கிறது. இவை பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. எலியிலும் நாயிலும் இவை உறுதி என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

மனிதருக்கு அதே உறுதியோடு சொல்ல முடியுமா என்பதில்தான் நூறு ஆண்டு வழக்கு நடந்தது. சிறுநீரகத்துக்குச் செல்லும் நரம்பை வெட்டினால் அந்தப் பக்கத்தில் சிறுநீர் பெருகுகிறது என்று பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 1859-இலேயே கண்டார். இளவயதில் நானும் இதை எலியில் செய்திருக்கிறேன். மயக்கத்தில் இருக்கும் எலியின் இரு சிறுநீர்க் குழாய்களிலும் மெல்லிய குழலைச் செருகிவிட்டு இடது நரம்பை மட்டும் வெட்டினால், சிறிது நேரத்தில் இடப்பக்கத்துச் சொட்டுகள் வேகம் பிடிப்பதைக் கண்ணாலேயே எண்ணலாம். ஆனால் அந்த எலி மயக்கத்தில் இருக்கிறது, வயிறு திறந்திருக்கிறது. அந்த நிலையில் அதன் பரிவு நரம்புகள் உச்சத்தில் கூவிக்கொண்டிருக்கும். கூச்சலை நிறுத்தினால் வித்தியாசம் பெரிதாகத் தெரிவது இயல்பு. விழித்திருக்கும், அமைதியான விலங்கில் அதே வித்தியாசம் மிகச் சிறியது. மனிதரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படும்போது அதன் நரம்புகள் அறுபட்டே வருகின்றன. ஆனாலும் அது பல ஆண்டுகள் உப்புச் சமநிலையை ஒழுங்காகவே காக்கிறது. இவற்றைக் கொண்டு சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறுநீரகவியலின் பெரியவர்கள் பலர், அன்றாட உப்புக் கணக்கில் நரம்புக்குப் பங்கே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அந்த ஒதுக்கல் முழுக்கச் சரியல்ல என்று காட்டியதில் ஒரு மருந்துக்குப் பங்கு உண்டு, உங்கள் கேள்விக்கும் அது நேராகப் பொருந்துகிறது. குவானெத்திடின் என்ற பழைய மருந்து நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலின் வெளியாவதைத் தடுக்கும். கில், பார்ட்டர் ஆகிய இரு ஆய்வாளர்களும் 1966-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான மனிதர்களுக்கு உப்பு மிகக் குறைந்த உணவைக் கொடுத்துவிட்டு இந்த மருந்தையும் கொடுத்தபோது, அவர்களுடைய சிறுநீரகங்களால் சோடியத்தை வழக்கம்போல இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. அதாவது, உப்பு தாராளமாகக் கிடைக்கும் நாட்களில் நரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணக்கு சரியாக வரும். பஞ்சம் வரும்போதுதான் நரம்பின் பிடி தேவைப்படுகிறது. இதயச் செயலிழப்பு, கல்லீரல் சுருக்கம் போன்ற நோய்களில் உடல் பொய்யான பஞ்சம் ஒன்றை உணர்கிறது. ஆகவே அங்கே நரம்பு தேவையில்லாமல் உப்பைச் சேர்க்கிறது.

இப்போது உங்கள் முரண்பாட்டுக்கு வருகிறேன். சோடியத்தை வெளியே தள்ளும் விசைகளில் முக்கியமான ஒன்று இரத்த அழுத்தமே. அழுத்தம் ஏறினால் சிறுநீரகம் உப்பைக் கூடுதலாக விடும், இறங்கினால் பிடித்துக்கொள்ளும். அமெரிக்க உடலியலாளர் கைட்டன் தம் வாழ்நாள் ஆய்வின் பெரும்பகுதியை இந்த ஒரு தொடர்பின்மேல் கட்டினார். குளோனிடின் மூளைத்தண்டில் ஆல்ஃபா-2 ஏற்பிகளைத் தூண்டி, பரிவு நரம்புகளுக்குப் போகும் கட்டளையையே குறைக்கிறது. மூக்கடைப்புக்கென்று உருவாக்கப்பட்ட மருந்து அது என்பதும், அழுத்தத்தைக் குறைக்கும் குணம் தற்செயலாகக் கண்டறியப்பட்டது என்பதும் இங்கே ஒரு சிறு செய்தி. அதன் விளைவாக நுண்குழலின்மேல் நரம்பின் பிடி தளர்கிறது, ரெனினும் குறைகிறது. இவை இரண்டும் உப்பை வெளியேற்றும் பக்கம். அதே மாத்திரையால் உடல் முழுவதும் அழுத்தம் இறங்குகிறது; இது உப்பைத் தக்கவைக்கும் பக்கம். மும்பையில் மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: குழாயை முழுக்கத் திறந்து வைத்தாலும், மொட்டைமாடித் தொட்டியில் நீர்மட்டம் இறங்கிவிட்டால் வாளி நிறையாது. எந்தப் பக்கம் வெல்லும் என்பது மருந்தின் அளவு, சிறுநீரகத்தின் நிலை, சாப்பிடும் உப்பு ஆகியவற்றைப் பொறுத்தது. நீண்டநாள் உபயோகத்தில் குளோனிடினும், அதே வழியில் செயல்படும் மெத்தில்டோப்பாவும் சிலருக்கு உப்பையும் நீரையும் தங்கவைப்பது நன்றாகப் பதிவான உண்மை. நீர் தங்கியதும் மருந்தின் பலன் மங்கியதுபோல் தோன்றும். சிறுநீர்ப்பெருக்கி மாத்திரை ஒன்றைச் சேர்த்தால் பலன் திரும்பும். எனவே நீங்கள் படித்ததும் தவறல்ல, மருந்தும் தவறல்ல. நரம்பை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு அழுத்தத்தை விட்டுவிட்டதுதான் இடறல்.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்ற ஆய்வைப் பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். அந்த வேரிலிருந்து ரெசர்பின் 1952-இல் பிரித்தெடுக்கப்பட்டது. நரம்பு முனைகளில் சேமித்து வைக்கப்பட்ட நார்அட்ரினலினைக் காலிசெய்துவிடும் மருந்து அது. நரம்பே வெறுமையாகிவிட்ட பிறகு உப்பு தாராளமாக வெளியேற வேண்டும் என்றுதான் உங்கள் தர்க்கம் சொல்லும். நடைமுறையில் ரெசர்பினும் சிறுநீர்ப்பெருக்கியோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோதுதான் நன்றாக வேலை செய்தது. மூத்த வாசகர்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் அடல்ஃபேன் எசிட்ரெக்ஸ் என்ற மாத்திரையைப் பார்த்திருப்பார்கள். நரம்பைக் காலியாக்க ரெசர்பின், குழாயை விரிக்க டைஹைட்ரலசின், அந்த இரண்டாலும் தங்கும் உப்பை வெளியேற்ற ஹைட்ரோகுளோரோதயசைடு என மூன்றும் அந்த ஒரே மாத்திரையில் இருந்தன. வகுப்பில் நான் இந்தப் பகுதியைத் தொடங்கும்போது அந்த அட்டையைத்தான் மேசைமேல் வைப்பேன்.

நரம்பு முனையை விட்டு ஏற்பிக்கு வந்தாலும் கதை இதேதான். ஆல்ஃபா-1 ஏற்பியை அடைக்கும் பிரசோசின், டாக்சசோசின் போன்றவை நுண்குழலில் நரம்பின் நேரடிக் கட்டளையைத் தடுக்கின்றன. ஆனால் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும்போது உடல் ரெனினையும் மற்ற வழிகளையும் எழுப்பி நீரைச் சேர்க்கிறது. ஆல்ஹாட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் டாக்சசோசின் பிரிவு 2000-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. குளோர்தாலிடோன் என்ற சிறுநீர்ப்பெருக்கியைப் பெற்றவர்களைவிட அந்தப் பிரிவில் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ இரு மடங்கு கண்டதே முக்கியக் காரணம். அது முழுக்க நீர்த் தேக்கத்தால் வந்ததா, அல்லது சிறுநீர்ப்பெருக்கி மறைத்துவைத்த ஒன்று வெளிப்பட்டதா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. பீட்டா அடைப்பிகள் ரெனினைக் குறைப்பது ஐயமில்லாத உண்மை. ஆனால் நுண்குழலின் ஆல்ஃபா-1 கதவை அவற்றில் பெரும்பாலானவை தொடுவதே இல்லை. இதயத்தின் வேகத்தையும் விசையையும் குறைப்பதால் அழுத்தமும் இறங்குகிறது. ஆகவே அவற்றைச் சாப்பிட்டால் உப்பு கொட்டிவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நரம்பைத் தொடாமலே அதை உசுப்பிவிடும் மருந்துகளை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் நோயாளிகளுக்கு அன்றாடம் நடப்பது இதுதான். மினாக்சிடில், ஹைட்ரலசின் இரண்டும் தமனிகளை நேரடியாக விரிப்பவை. அழுத்தம் சட்டென்று இறங்கியதும் கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் மூளைக்குச் செய்தி அனுப்ப, பரிவு நரம்புகள் முழு வேகத்தில் இயங்கத் தொடங்குகின்றன; இதயம் படபடக்கிறது, சிறுநீரகம் உப்பைச் சேர்க்கிறது. அதனால்தான் மினாக்சிடில் மாத்திரையைப் பீட்டா அடைப்பியும் வலுவான சிறுநீர்ப்பெருக்கியும் இன்றித் தனியே கொடுப்பதில்லை. வியப்பு என்னவென்றால் சிறுநீர்ப்பெருக்கிகளே இதைச் செய்கின்றன. ஃபியூரோசமைடு போட்ட சில மணி நேரம் சிறுநீர் கொட்டும்; அதன் வேகம் அடங்கியதும் உடலில் நீர் குறைந்திருப்பதை உணர்ந்த சிறுநீரகம், அடுத்த வேளை மாத்திரை வரும்வரை உப்பை விடாப்பிடியாகச் சேர்க்கும். காலையில் போனதெல்லாம் இரவுக்குள் திரும்பி வந்துவிட, நோயாளி ஓடி ஓடிக் கழிப்பறைக்குப் போனதுதான் மிச்சம். இந்த மீட்புக்கு நரம்புதான் காரணம் என்று எண்ணி, பிரசோசினும், ரெனின் தொடங்கிவைக்கும் தொடர்வினையை இடையில் தடுக்கும் காப்டோபிரிலும் கொடுத்துத் தடுக்க முயன்ற ஆய்வுகள் 1980-களில் நடந்தன. உப்பு மீட்பு அப்போதும் நிற்கவில்லை. ஆகவே நரம்பு இதில் பங்காளி, ஆனால் முதலாளி அல்ல. மருந்தை ஒரு நாளில் இரு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதும், சாப்பாட்டில் உப்பைக் குறைப்பதும்தான் நடைமுறையில் பலன் தருபவை. மதிய ரசம் சாதத்தோடு அப்பளமும் மாவடுவும் இருக்கும் வீட்டில் மாத்திரையின் அளவை எவ்வளவு கூட்டினாலும் கால் வீக்கம் வடியாமல் இருப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முரண்பாட்டின் எதிர்முகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மிடோட்ரின் என்பது ஆல்ஃபா-1 ஏற்பியை அடைப்பதல்ல, தூண்டுவது. மேலே சொன்ன கணக்குப்படி அது உப்பைப் பிடித்து வைக்க வேண்டும். ஆனால் கல்லீரல் சுருக்கத்தால் வயிற்றில் நீர் கோத்த நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தபோது சோடியம் வெளியேற்றம் கூடியது. அவர்களுக்குக் குடல் பகுதித் தமனிகள் மிதமிஞ்சி விரிந்து கிடப்பதால், தமனிகளில் இரத்தம் போதவில்லை என்று உடல் நம்பிக்கொண்டு ரெனினையும் பரிவு நரம்பையும் உசுப்பியபடி இருக்கிறது. மிடோட்ரின் அந்தத் தமனிகளைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றியதும், அந்த அவசர நிலை தணிந்து சிறுநீரகம் உப்பை விடத் தொடங்குகிறது. தூண்டும் மருந்து உப்பை வெளியேற்றுவதும், அடக்கும் மருந்து உப்பைச் சேர்ப்பதும் ஒரே விதியின் இரு உதாரணங்கள்.

ஐயத்துக்குரியவற்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் இவை உறுதிகளாக உலவுகின்றன. ரெனின் தொடங்கிவைக்கும் தொடர்வினையில் உருவாகும் ஆஞ்சியோடென்சின்-2 நரம்பு முனையில் நார்அட்ரினலின் வெளியாவதை ஊக்குவிக்கிறது என்பதும், ஆகவே அதன் செயலைத் தடுக்கும் லோசார்டான் வகை மருந்துகள் மறைமுகமாக நரம்பின் பிடியைத் தளர்த்துகின்றன என்பதும் ஆய்வகத்தில் உறுதியானவை. ஆனால் ஒரு நோயாளிக்கு அந்த மருந்தால் வெளியேறும் உப்பில் எவ்வளவு பங்கு இந்த வழியால், எவ்வளவு ஆல்டோஸ்டிரோன் என்ற உப்பைச் சேர்க்கும் ஹார்மோன் குறைவதால் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. நரம்பு, நுண்குழலின் பிற்பகுதியில் தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி வேலை செய்யும் அதே உப்புக் கடத்தியையும் முடுக்குகிறது என்று 2011-இல் ஜப்பானிய ஆய்வுக் குழு ஒன்று எலிகளில் காட்டியது. அது பீட்டா-2 ஏற்பி வழியாக என்றார்கள், பிறகு வந்தவர்கள் பீட்டா-1 என்றார்கள், ஆல்ஃபா-1 என்போரும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மருந்துகள் உப்பையும் சர்க்கரையையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தும் நாடித்துடிப்பு ஏறுவதில்லை என்பது உண்மை. அதனால் அவை பரிவு நரம்பையும் அமைதிப்படுத்துகின்றன என்பது கவர்ச்சியான ஊகம், மனிதரில் இன்னும் நிறுவப்படாதது. நரம்பை அடக்குவது எப்போதும் நல்லது என்று நினைப்பவர்களுக்கு, இதயச் செயலிழப்பில் குளோனிடினின் உறவுக்கார மருந்தான மோக்சோனிடினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு இறப்புகள் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டதை நினைவூட்ட விரும்புகிறேன். கத்தீட்டர் வழியாகச் சிறுநீரக நரம்புகளைச் சுட்டழிக்கும் சிகிச்சையும் 2014-இல் போலிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டபோது தோற்றது. கருவியும் ஆய்வு முறையும் திருத்தப்பட்ட பிறகே 2023-இல் அமெரிக்க அனுமதி பெற்றது, அழுத்தத்தில் கிடைக்கும் குறைவும் மிதமானதே.

உங்கள் அப்பாவைப் பற்றி. குளோனிடினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த நரம்பு ஓரிரு நாளில் சீறி எழுந்து அழுத்தம் அபாயகரமாக ஏறக்கூடும், அவர் பீட்டா அடைப்பியும் சாப்பிடுகிறார் என்றால் அந்த அபாயம் இன்னும் கூடுதல். அடுத்து, அவருடைய மற்ற மாத்திரைகளில் ஆம்லோடிபின் இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். கணுக்கால் வீக்கத்துக்குக் குளோனிடினைவிட ஆம்லோடிபின்தான் பல மடங்கு அடிக்கடி காரணம். அங்கே உப்புத் தேக்கம் பெரிதாக இல்லை, நுண்ணிய குழாய்களிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது, அதற்குச் சிறுநீர்ப்பெருக்கி அவ்வளவாக உதவாது. ஆனால் எடையும் இரண்டு கிலோ கூடியிருப்பதால் உப்புத் தேக்கத்தையும் தள்ளிவிட முடியவில்லை. முழங்கால் வலிக்கென்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். அவை சிறுநீரகம் உப்பை வெளியேற்ற உதவும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைத் தடுத்து உப்பைச் சேர்ப்பவை, இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. மூச்சிரைப்பு இருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ இந்த மருந்தியல் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் அது இதயத்தின் கதையாக இருக்கலாம்.

அப்படி அவசரம் இல்லையென்றால், 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்க்கும் பரிசோதனையை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பிறகு போவது அனைத்தையும் மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை ஒன்றுவிடாமல் கேனில் சேர்க்க வேண்டும். எடை ஏறாமல் ஒரே நிலையில் நிற்கும் நாட்களில் எடுத்தால், 100 மில்லிமோல் வந்தால் அவர் அன்றாடம் சாப்பிடும் உப்பு சுமார் 6 கிராம் என்று பொருள். 200 வந்தால் 12 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 5 கிராம். அந்த எண்ணையும், ஒரு வாரம் தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்த எடையையும், எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனால், சிறுநீர்ப்பெருக்கியைச் சேர்ப்பதா, ஆம்லோடிபினை மாற்றுவதா, குளோனிடினைப் படிப்படியாகக் குறைப்பதா என்று மருத்துவர் முடிவுசெய்ய எளிதாக இருக்கும்.